பாம்பன் பலகை ஆங்கிலம்: திருத்த வேண்டியவை இரண்டே

பாம்பனில் பயணிகளுக்காக நீங்கள் எழுதிவைத்த பலகையைப் படித்து ஒருவர் சிரித்துவிட்டுப் போனதாக எழுதியிருந்தீர்கள். ஆங்கிலம் தெரிந்தவர் சிரிக்காமல் திருத்திக் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு அவர்மேல்தான் கோபம், சகோதரரே.

பழைய ரயில் பாலத்தைப் பற்றி ‘ஹேஸ் பீன் ஓப்பன்ட் இன் 1914’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘வாஸ் ஓப்பன்ட்’ என மாற்றுங்கள். நடந்து முடிந்ததை ஆண்டோடு சொல்லும்போது ‘ஹேஸ்’ கூடாது. நம் பக்கத்தில் படித்தவர்களும் அன்றாடம் செய்யும் பிழை இது, செய்தித்தாளில் பார்த்தால்கூட எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ‘வீ ஆர் ஹேவிங் டூ போட்ஸ்’ என்பது ‘வீ ஹேவ்’ ஆகட்டும். உடைமைக்கு ‘ஹேவிங்’ வராது, சாப்பிடுவதற்கு வரும்.

காற்று வலுக்கும் நாளில் படகு நேரம் ‘ப்ரீபோன்’ ஆகும், அதாவது முன்னதாக மாறும் என்ற வரியை அழிக்காதீர்கள். அந்தச் சொல் ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே இருக்கிறது. வெளிநாட்டவர் சிலருக்குப் புரியாது என்பதால் புதிய நேரத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.