ரீச்சரைக் கேளுங்கள்: புல்லெண்ணெயும் கசிப்புச் சந்தேகமும்

எங்கள் கிணற்றடியில் எலுமிச்சைப்புல் பற்றையாக வளர்ந்து கிடக்கிறது. நறுக்கித் தேங்காயெண்ணெயில் காய்ச்சி வடித்தேன். நல்ல வாசம். இதைத்தான் கடையில் சின்னப் போத்தலில் அத்தனை விலைக்கு விற்கிறார்களா, ரீச்சர்?
- வாசகி, சாவகச்சேரி

இல்லைப் பிள்ளை. நீங்கள் செய்தது வாசம் ஊறிய தேங்காயெண்ணெய். பூசிக்கொள்ள நல்லதுதான், எறிந்துவிடாதீர்கள். கடைப் போத்தலில் இருப்பது வேறு சாமான். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டை வெள்ளைக் கடதாசியில் விட்டு, மறுநாள் பாருங்கள். உங்களுடையது கறையாக அப்படியே இருக்கும். மற்றது பெரும்பாலும் காற்றோடு போயிருக்கும்.

அப்படி ஆவியாகிற குணத்தை வைத்துத்தான் அதைப் பிடிக்கிறார்கள். இந்தப் புல்லெண்ணெயில் முக்கால்வாசி சிற்றல் என்ற பொருள். அது தனியே கொதிக்க 220 பாகைக்கு மேல் சூடு வேண்டும். நீராவியோடு சேர்ந்தாலோ 100 பாகைக்குச் சற்றுக் கீழேயே கிளம்பிவிடும். குழாய்க்குள் குளிர்ந்து, தண்ணீரும் எண்ணெயுமாகச் சொட்டும்.

ஓய்வு பெற்ற வருசம் நானும் பின்வளவில் செய்து பார்த்தேன். பெரிய பானை, உள்ளே தண்ணீருக்கு மேல் ஓட்டைத் தட்டு, அதில் ஒருநாள் நிழலில் வாடவிட்ட 5 கிலோ புல். மூடியிலிருந்து ஒரு செம்புக் குழாய் வளைந்து வந்து வாளித் தண்ணீருக்குள் சுருண்டு கிடக்கும். பின்வீட்டு ஐயா மதிலால் எட்டிப் பார்த்து, "என்ன ரீச்சர், பென்சன் காணாதெண்டு கசிப்புக் காய்ச்சத் தொடங்கீற்றியளோ?" என்றார். புல்லைக் காட்டின பிறகுதான் நம்பினார். அவரைக் குறை சொல்ல ஏலாது, கள்ளச் சாராயத்துக்கும் இதற்கும் அமைப்பு ஒன்றுதான்.

முதல் தடவை மத்தியானத்தில் அடுப்பு மூட்டினது என் பிழை. சித்திரை வெயில். வாளித் தண்ணீர் சூடேறி, ஆவி ஆவியாகவே வெளியே போனது. வளவெல்லாம் வாசம், போத்தலில் ஒன்றுமில்லை. அடுத்த தடவை விடிய 5 மணிக்குத் தொடங்கி, கிணற்றிலிருந்து அள்ளி அள்ளி வாளியை மாற்றினேன். இரண்டு மணித்தியாலத்தில் தண்ணீருக்கு மேலே வெளிர் மஞ்சளாக ஒரு படை மிதந்தது. ஊசிக்குழலால் உறிஞ்சி அளந்தால் 12 மில்லிலீற்றர்! விலை ஏன் அப்படி என்று அன்றைக்குத்தான் உறைத்தது. (கராம்பு, கறுவா இலை என்றால் மேலே தேடாதீர்கள். அந்த எண்ணெய் தண்ணீரை விடப் பாரம், அடியில் போய்த் தங்கும்.)

பானைக்கு மழைத்தண்ணீர் நல்லது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாகப் படிவது தெரியும்தானே. குழாய் அடைபட்டால் பானை வெடிக்கும், ஆகவே அடுப்பில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகக்கூடாது. எடுத்த எண்ணெயைக் கபில நிறக் கண்ணாடிப் போத்தலில் வையுங்கள், பிளாஸ்ரிக் வேண்டாம். நேரே பூசினால் தோல் எரியும். 100 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெய்க்கு அரை மில்லிலீற்றர் போதும்.

மல்லிகைப் பூவிலும் இப்படி எடுக்கலாமா?
- வாசகி, நல்லூர்

ஆவியின் சூட்டில் மல்லிகை வாசம் கெட்டுவிடும். அதைக் கரைப்பானில் ஊறவைத்து மெழுகு போலப் பிரித்து, பிறகு மதுசாரத்தால் கழுவி எடுக்கிறார்கள். குசினியில் செய்கிற வேலையில்லை. பூவைத் தலையில் வையுங்கள்.

மூன்று வயதுப் பேரனுக்குத் தடிமன். யூக்கலிப்டஸ் எண்ணெய் இரண்டு சொட்டுப் பாலில் கொடுக்கலாம் என்கிறார்கள். சரியா?
- வாசகர், மானிப்பாய்

வேண்டவே வேண்டாம். சின்னப் பிள்ளை அதைக் கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரக்கூடும். மூக்கடியிலும் தடவாதீர்கள். தெரியாமல் ஏற்கெனவே கொடுத்திருந்தால், வாந்தி எடுக்கவைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள்.