விண்டோஸ் 10-ஐ விட்டு லினக்ஸுக்கு மாறினால் என் கேம்கள் எல்லாம் ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். ஓடாவிட்டால் உடனே லினக்ஸைத் திட்டிவிடாதீர்கள். நான் இரண்டு நாள் திட்டினேன், தப்பு வேறு இடத்தில் இருந்தது.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது, உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்கவில்லை, அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். என் கதையும் அதேதான். ஏழாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு. நன்றாக இருக்கும் கணினியைத் தூக்கிப்போட மனசு வரவில்லை, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸில் மின்ட் என்ற வகையைப் போட்டேன்.

ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கிய கேம் என்றால், அதை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த ப்ரோட்டான் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கேம் விண்டோஸின் கிராபிக்ஸ் மொழியான டைரக்ட்எக்ஸில் கேட்பதை அது லினக்ஸுக்கும் புரியும் வல்கனுக்கு மாற்றிக் கொடுக்கும். ஆன்லைன் கேம்தான் சிக்கல். வலோரண்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் ஓடாது, ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் அவற்றின் ஆன்டி-சீட் லினக்ஸை உள்ளே விடாது. ஜிடிஏ 5-இல் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ என்ற ஆன்டி-சீட் வந்ததிலிருந்து ஆன்லைன் போய்விட்டது, கதைப் பகுதி ஓடுகிறது. மாறுவதற்கு முன்பே ஒவ்வொரு கேமும் ப்ரோட்டானில் எப்படி ஓடுகிறது என்று ஆடியவர்கள் எழுதும் ப்ரோட்டான்டிபி தளத்தில் தேடிப் பாருங்கள்.

சரி, என் கதை. வீடு ஏற்காட்டில், நாகலூர் பக்கம். மழை பெய்தால் கிளை விழுந்து கரண்ட் போகும், கூடவே நெட்டும் போகும். நூறு ஜிபிக்கு மேல் உள்ள ஜிடிஏ 5-ஐ இங்கே இறக்க வழியில்லை. ஹார்ட் டிஸ்கை எடுத்துக்கொண்டு சேலம் அஸ்தம்பட்டியில் நண்பன் வீட்டுக்குப் போய் ராத்திரி முழுக்க இறக்கினேன். "இதுக்காகவா தம்பி மலையிலிருந்து இறங்கி வந்தே?" என்று கேட்டுக்கொண்டே அவன் அம்மா தோசை ஊற்றினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டிஸ்கைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்தபடி இருபது கொண்டை ஊசி வளைவையும் நின்றுகொண்டே ஏறினேன். இதையும் சொல்லிவிடுகிறேன்: சனி, ஞாயிறு வந்தால் மலைக்காரனுக்குப் பேருந்தில் உட்கார இடம் கிடையாது. வளைவில் காரை நிறுத்திப் படம் எடுப்பவர்களால் பேருந்து கால் மணி நேரம் நிற்கும். காய்ச்சல் பிள்ளையோடு ஒரு அக்கா நின்றுகொண்டு வந்தார், ஒருவரும் எழவில்லை. சுற்றுலா வருபவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, வாரக் கடைசியில் இரண்டு பேருந்து கூடுதலாக விடலாமே என்றுதான் கேட்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஸ்டீமில் பச்சை ப்ளே பட்டனை அழுத்தினால் நீலமாகும், ஐந்தாறு வினாடியில் மறுபடி பச்சையாகும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. இரண்டு நாள் கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினேன், ப்ரோட்டானில் வேறு பதிப்பு போட்டேன், அதேதான்.

காரணம் டிஸ்க். நண்பனின் கணினி விண்டோஸ் என்பதால் டிஸ்க் என்டிஎஃப்எஸ்ஸில் இருந்தது, அது விண்டோஸ் கோப்புகளை அடுக்கும் முறை. ப்ரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் கோப்புறை அமைத்து, அதற்குள் 'சி:' என்று ஓர் இணைப்பு வைக்கும். விண்டோஸ் விதிப்படி கோப்புப் பெயரில் முக்காற்புள்ளி (:) வரக்கூடாது. மின்ட் அந்த விதியோடுதான் டிஸ்கைத் திறந்திருந்தது, அதனால் இணைப்பு உருவாகவே இல்லை.

கேமைக் கணினிக்குள் நகல் எடுத்தேன். டிஸ்கை லினக்ஸின் முறையான ஈஎக்ஸ்டி4-ஆக ஃபார்மட் செய்து திரும்பப் போட்டேன். அன்று ராத்திரி பதினொன்றரைக்கு பட்டன் நீலமாகி நீலமாகவே நின்றது. கிராபிக்ஸைத் தயார்செய்யும் வல்கன் ஷேடர் பட்டை மெல்ல நகர்ந்து முடிய, கேம் திறந்தது.

'டூயல் பூட்டாக விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே கணினியில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லையே' என்று சிலர் எழுதுவார்கள். வலோரண்ட் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அப்போதும் ஸ்டீம் கேம்களை என்டிஎஃப்எஸ் டிரைவில் பொதுவாக வைத்து இரண்டிலும் ஓட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.