அமராவதிப் படுகை மாடலில் ஆவிநீர்க் கணக்கு எங்கே பிசகுகிறது?

கேள்வி: அமராவதிப் படுகைக்கு ஸ்வாட் (படுகையில் விழும் மழைநீர் எங்கெங்கே போகிறது என்று கணக்கிடும் கணினி மாடல்) ஓட்டுகிறேன். கையில் இருப்பது தினசரி மழையும் உச்ச, குறைந்தபட்ச வெப்பநிலையும்தான். அதனால் ஆவியாதல், நீராவிப்போக்குக்கு (ஈ.டி.) வெப்பநிலையை வைத்தே கணக்கிடும் ஹார்கிரீவ்ஸ் முறையைப் போட்டேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை கரூர் பக்கம் மாடல் காட்டும் ஆற்றுநீர், அளந்ததைவிட மிக அதிகம். கர்வ் நம்பரை (மழையில் எவ்வளவு நேரே ஓடிப்போகும் என்பதைத் தீர்மானிக்கும் எண்) குறைக்கலாமா?

பதில்: கர்வ் நம்பரை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஆவிநீரில் உள்ள தவறை அதை வைத்து மறைத்தால் வரைபடம் பொருந்திவிடும், நீர்க்கணக்கு பொய்யாகிவிடும்.

ஹார்கிரீவ்ஸ் சூத்திரத்தில் காற்றுக்கு இடமே இல்லை. உங்கள் படுகையோ, அந்த நான்கு மாதமும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உடுமலை, தாராபுரம் வழியாக வீசும் இடம். ஜூலை மாத நாள் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: உச்சம் 34, குறைந்தபட்சம் 24 டிகிரி. சராசரி 29உடன் 17.8 கூட்டி, 0.0023ஆல் பெருக்கி, வெப்பநிலை வித்தியாசம் 10இன் வர்க்கமூலத்தாலும், வளிமண்டல உச்சியில் விழும் கதிர்வீச்சு 15.2 மி.மீ.யாலும் பெருக்கினால் 5.2 மி.மீ. வரும். அதே நாளுக்குச் சூரியக் கதிர்வீச்சு 20 மெகாஜூல், நீராவி அழுத்தம் 2.5 கிலோபாஸ்கல் என்று வைத்து, காற்றையும் சேர்த்துக் கணக்கிடும் பென்மன்–மான்டீத் முறையைப் போட்டால், காற்று விநாடிக்கு 2 மீட்டர் என்றால் 5.3, 4 மீட்டர் என்றால் 6.4 மி.மீ. (எக்செல்லில் நீங்களே போடும்போது 10, 11 மி.மீ. வந்தால், மெகாஜூலை 0.408ஆல் பெருக்கி மி.மீ. ஆக்க மறந்திருப்பீர்கள்.)

ஆனால் காற்றைச் சேர்த்ததும் எல்லாம் சரியாகிவிடாது. காய்ந்து கிடக்கும் மானாவாரி மண்ணில் தேவை 5.2 ஆனாலும் 6.4 ஆனாலும், மண் விடுவது இருக்கிற ஈரத்தை மட்டுமே. அந்தக் கூடுதல் 1.2 மி.மீ. நிஜமாக ஆவியாவது அமராவதி அணையின் நீர்ப்பரப்பிலும் பாசன வயலிலும்தான். அதனால் முதல் வேலை, ஆயக்கட்டு நெல், கரும்புக்கு அணையிலிருந்தும் ஆற்றிலிருந்தும் தண்ணீர் எடுப்பதை மாடலின் மேலாண்மைக் கோப்பில் எழுதுவது. அதை எழுதாவிட்டால் வாய்க்காலில் போக வேண்டிய நீரும் மாடலில் கரூருக்கே வந்து சேரும். உங்கள் அதிகப்படி நீரில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது, பென்மன்–மான்டீத்துக்கு வேண்டிய காற்று. நாசாவின் வானிலைத் தரவுத் தளமான பவரில் 2 மீட்டர் உயரக் காற்றே கிடைக்கும். 10 மீட்டர் உயரத் தரவை வைத்து நீங்களே கணக்கிட்டால் 0.748ஆல் பெருக்குங்கள், மணிக்குக் கிலோமீட்டரில் இருந்தால் முதலில் 3.6ஆல் வகுத்துவிடுங்கள். இப்படித் தளத்திலிருந்து எடுக்கும் எந்தத் தரவானாலும் கணவாய்க்குள் வீசும் காற்றை ஒரு நிலைய அளவோடாவது ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

வெப்பநிலையிலும் ஒரு பொறி இருக்கிறது. இந்திய வானிலைத் துறையின் கட்டத் தரவு 1 டிகிரி அளவு, அதாவது சுமார் 110 கி.மீ. பழனி மலையும் தாராபுரம் சமவெளியும் ஒரே கட்டத்துக்குள் கலந்துவிடும். உயரப் பட்டைகள் அமைத்து, ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமார் 6 டிகிரி குறைத்து ஓட்டுங்கள்.

எஸ்கோவை (மண்ணின் எந்த ஆழத்திலிருந்து ஈரம் ஆவியாகலாம் என்பதைச் சரிசெய்யும் குணகம்) கடைசியில் தொடுங்கள். அதைக் குறைத்தால் மாடல் ஆழ்ந்த அடுக்கிலிருந்தும் ஈரத்தை இழுத்து ஆவியாக்கும். இயல்பாக இருப்பது 0.95.

சரிபார்க்க, ஜூலையில் ஆயக்கட்டு நெல் வயலின் மெய்யான ஈ.டி.யை உச்ச ஈ.டி.யால் (தண்ணீர்த் தட்டுப்பாடே இல்லாவிட்டால் ஆவியாகக்கூடிய அளவு) வகுத்துப் பாருங்கள். வயலில் தண்ணீர் நிற்கும்போது அது 1ஐ ஒட்டி வர வேண்டும். 0.3 வந்தால் நீங்கள் எழுதிய பாசனம் வயலுக்குப் போய்ச் சேரவில்லை. மேலாண்மைக் கோப்பில் நீராதார எண்ணையும் தேதியையும் மறுபடி பாருங்கள்.