கோபால்கஞ்சின் 1021 – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் யூனிட்டில் பிகார்க்காரர்கள் பலர் ஊர் கேட்டால் கோபால்கஞ்ச் என்கிறார்கள். அது மலையா, வறண்ட பூமியா என்றுகூட எனக்குத் தெரியாது. தேடியதில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்கள் கிடைத்தன. சதுர கிலோமீட்டருக்கு 1260 பேர் என்கிறது. கிராமங்களே நிறைந்த மாவட்டத்தில் இது அச்சுப்பிழையாகத்தானே இருக்கும்? என்னை வியக்கவைத்தது வேறொரு எண். 1000 ஆண்களுக்கு 1021 பெண்கள். தமிழ்நாட்டிலேயே 996தான். பெண்களை மதிப்பதில் அவர்கள் நம்மைவிட முன்னே இருக்கிறார்களா? போஜ்புரி இந்தியின் வட்டார வழக்குதானே? அந்த ஊர் எப்படிப்பட்டது என்று எழுத முடியுமா?

எம்.

அன்புள்ள எம்.,

பக்கத்தில் வேலை செய்பவரின் ஊர் எப்படி இருக்கும் என்று தேடிப் பார்க்கத் தோன்றியதே, அதற்காக உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. பலர் ‘வடக்கன்’ என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு ஒரே ஒரு வரியைப் படித்துவிட்டு முடிவுக்கு வந்திருக்கிறீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஐந்தொகையில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து லாபம் என்று எழுதுவீர்களா?

போஜ்புரியைப் பற்றிச் சுருக்கமாக. கணக்கெடுப்பு அதை இந்தியின் கீழ் அடைக்கிறது. 2011இல் தாய்மொழி போஜ்புரி என்று சொன்னவர்கள் 5 கோடிக்கு மேல். மொழியியலாளர்கள் அதை பிகாரில் பேசப்படும் மைதிலி, மகஹியோடு சேர்த்து, இந்தோ-ஆரிய மொழிகளின் கிழக்குக் கிளையில் வைக்கிறார்கள். இந்தச் சண்டைக்கு இன்று நான் வரவில்லை.

அடர்த்தியில் அச்சுப்பிழை எதுவும் இல்லை. மாவட்டத்தின் பரப்பு 2,033 சதுர கிலோமீட்டர், மக்கள் 25,62,012 பேர். வகுத்துப் பாருங்கள். நகரவாசிகள் 6.35 சதவீதம் மட்டுமே. தெற்கே ஒட்டியிருக்கும் சிவானில் அடர்த்தி இன்னும் அதிகம், 1501. இரண்டும் பழைய சாரண் மாவட்டத்திலிருந்து பிரிந்தவை. கோபால்கஞ்ச் 1973 அக்டோபர் 2இல் தனி மாவட்டமானது. இமயமலை வண்டல், ஆழமில்லாத நிலத்தடி நீர், வருடத்தில் இரண்டு மூன்று போகம். இத்தனை பேரை நிலமே தாங்கியது, ஒரு கட்டம் வரை.

மலை கிடையாது. வடமேற்கிலிருந்து தென்கிழக்கே மெல்லச் சரியும் சமவெளி. கிழக்கு விளிம்பில் கண்டக் ஆறு. மாவட்டத்தின் 14 பிளாக்குகளில் (ஒன்றியங்களில்) 6 பிளாக்குகள் அதன் ஓரத்தில் இருக்கின்றன: குச்சாய்கோட், கோபால்கஞ்ச், மாஞ்ஜா, பரௌலி, சித்வலியா, பைகுந்த்பூர். வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள நிலத்துக்குத் தியாரா என்று பெயர். வெள்ளம் வடிந்ததும் அங்கே கோதுமையும் கரும்பும் போடுகிறார்கள். ஆறு திசை மாறினால் ஒருவர் நிலம் போகும், எதிர்ப்பக்கம் புது நிலம் முளைக்கும், வழக்கும் முளைக்கும். ஆற்றின் மேல்பகுதியில், வால்மீகிநகரில் இருப்பது தடுப்பணை. நீரைத் தேக்கிவைக்கும் அணை அல்ல. நேபாளத்திலிருந்து வருவதை அப்படியே கீழே விடும். 2024 செப்டம்பர் இறுதியில் விநாடிக்கு 5.6 லட்சம் கன அடி வந்தது. கரைகள் கட்டியபின் வண்டல் வயலில் பரவாமல் ஆற்றுக்குள்ளேயே படிகிறது, படுகை உயர்கிறது. 2020 ஜூலையில் ‘சாரண் கரை’ எனப்படும் அந்த வெள்ளத் தடுப்புக் கரை உடைந்தபோது நீர் ஊருக்குள் பாய்ந்தது. கரை உடையாத வருடங்களிலும் நிம்மதி இல்லை. சரிவுக்குக் குறுக்கே கரை, கால்வாய், ரயில்பாதை, நெடுஞ்சாலை என்று போட்டுவைத்திருப்பதால் மழைநீர் வடிய வழியில்லாமல் ‘சௌர்’ எனப்படும் பள்ள நிலங்களில் மாதக்கணக்கில் நிற்கிறது. அங்கே நெல்லும் அழுகும், அடுத்த கோதுமை விதைப்பும் தள்ளிப்போகும். சர்க்கரை ஆலைகளில் ஹத்துவா ஆலை 1990களிலேயே மூடப்பட்டது.

இப்போது உங்கள் 1021. 2027 கணக்கெடுப்பின் அறிவிப்பைப் படித்ததிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அந்த அட்டவணையில் 0–6 வயதுப் பகுதியைப் பாருங்கள். கோபால்கஞ்சில் அது 954. பெண்ணை மதிப்பதால் உயர்ந்த விகிதம் என்றால் அது குழந்தைகளிடம் முதலில் தெரிய வேண்டாமா? குழந்தைகளில் பெண்கள் குறைவு, மொத்தத்தில் அதிகம். அப்படியென்றால் நடுவில் எங்கோ ஆண்கள் காணாமல் போயிருக்கிறார்கள். அடுத்து எழுத்தறிவைப் பாருங்கள். பெண்கள் ஆண்களைவிட 20 புள்ளிக்கு மேல் பின்தங்கியிருக்கிறார்கள். பிறகு ஆற்றைக் கடந்து கிழக்குச் சம்பாரணுக்குப் போங்கள். அதே வண்டல், அதே கரும்பு, பெருமளவு அதே பேச்சு. அங்கே விகிதம் 902. ஒரு ஆற்றின் இரு கரைகளில் பெண் மீதான மரியாதை இவ்வளவு மாறுமா?

மாறுவது வெளியூர் போகும் வழக்கம். பழைய சாரண் ஜில்லா பிரிட்டிஷ் காலத்திலேயே கல்கத்தா சணல் ஆலைகளுக்கும், அதற்கும் முன்பு ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸுக்கும் கரீபியனுக்கும் ஆள் அனுப்பியது. இன்று வளைகுடா, டெல்லி, குஜராத், உங்கள் திருப்பூர். உத்தராகண்டின் அல்மோராவில் 1139, மகாராஷ்டிராவின் ரத்னகிரியில் 1122 என்று இருப்பதற்கும் காரணம் இதுவே. மறுபக்கம் வேண்டுமா? ஆட்கள் போய்ச் சேரும் குஜராத்தின் சூரத்தில் அதே 2011இல் 787.

எத்தனை பேர் என்று தோராயமாக நீங்களே போடலாம். பெண்கள் 12,94,346. ஆண்கள் 12,67,666. பிகாரின் சராசரி விகிதமான 918 இங்கேயும் இருந்திருந்தால் ஆண்கள் ஏறத்தாழ 14.1 லட்சம் இருக்க வேண்டும். 1.42 லட்சம் பேர் குறைகிறார்கள். பிகாரே ஆள் அனுப்பும் மாநிலம் என்பதால் உண்மை எண் இதைவிடப் பெரிது.

எண்ணும் முறையும் இதற்குத் துணை. 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக எண்ணினார்கள். அந்த நாட்கள் முழுவதும் வெளியே இருப்பவரை ஊரில் சேர்க்கக் கூடாது, இருக்கும் இடத்தில்தான் எண்ண வேண்டும். ஹோலி அந்த வருடம் மார்ச் 20. பண்டிகைக்கு வீடு திரும்புகிறவர் ரயிலேறும் முன்பே கணக்கு முடிந்துவிட்டது. சூரத்தில் இருந்தவர் சூரத்தின் கணக்கில் ஏறியிருப்பார். சவூதியில் இருந்தவர் இந்தியாவின் எந்த ஏட்டிலும் இல்லை. அவர் அனுப்பும் பணத்தில் எழும்பிய வீடு மட்டும் வீட்டுப் பட்டியலில் இருக்கும்.

மக்கள்தொகைக் கணக்கில் விடுபட்டால் பெரிய நஷ்டமில்லை என்று சொல்வார்கள். 2025இல் பிகார் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தினார்களே, அதன் வரைவில் கோபால்கஞ்சில் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் நீங்கின, சுமார் 15 சதவீதம். இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் அதில் உண்டுதான். ஆனால் ‘நிரந்தரமாக இடம்பெயர்ந்தவர்’, ‘வீட்டில் இல்லாதவர்’ என்ற தலைப்புகளும் இருக்கின்றன. பத்து மாதம் வெளியூரிலும் இரண்டு மாதம் ஊரிலும் இருப்பவரை எந்தத் தலைப்பில் போடுவது என்பதைப் படிவத்தோடு வந்தவர்தான் முடிவுசெய்கிறார். நீங்கள் கைதட்டிய 1021க்குப் பின்னால் காணாமல் போன ஆண்களைப் போன்றவர்கள் இந்தப் பதினைந்து சதவீதத்திலும் இருக்கிறார்கள்.

அடுத்த கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில். கணக்குக்கு அடிப்படையாக வைக்கும் குறிநேரம், பிப்ரவரி 28 முடிந்து மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு. அந்த வருடம் ஹோலி மார்ச் 22. எண்ணுபவர் உங்கள் யூனிட்டின் தங்குமிடத்துக்கு வரும்போது வாயிற்காவலர் “இங்கே யாரும் குடும்பமாக இல்லை” என்று திருப்பி அனுப்பாமல் பார்த்துக்கொள்ள உங்களால் முடியும். அறை வாரியாகப் பெயர், வயது, தாய்மொழி, கடைசியாக வசித்த ஊர், வந்து எத்தனை வருடம் என்று முன்பே ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். தாய்மொழி என்ற இடத்தில் நீங்களாக இந்தி என்று நிரப்பிவிடாதீர்கள், அவர்களிடம் கேளுங்கள்.