'அக்கா லீவு' என்று சொல்லிவிட்டோம்

கேள்வி: எங்கள் மனநல மறுவாழ்வு மையத்தில் 14 ஆண்டுகள் சமூகப் பணியாளராக இருந்த அக்கா போன வாரம் மாரடைப்பில் தவறிவிட்டார். கூட வேலை பார்த்த நாங்களே இன்னும் தேறவில்லை. தங்கியிருப்பவர்களிடம் 'அக்கா லீவு' என்று சொல்லி வைத்திருக்கிறோம். பதினாறாம் நாள் நினைவுக் கூட்டத்தில் அவர்களையும் உட்கார வைக்கலாமா?

பதில்: கட்டாயம் உட்கார வையுங்கள். ஆனால் விஷயத்தை நாளைக் காலையே சொல்லிவிடுங்கள். தெருமுனைக் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. ஏற்கெனவே சந்தேகத்தோடு போராடுகிறவர், லீவு என்றது பொய் என்று அறிந்தால், அடுத்து நீங்கள் கையில் வைக்கும் மாத்திரையையும் நம்ப மாட்டார்.

டிபனும் காலை மாத்திரையும் முடிந்தபின், ஐந்தாறு பேராக உட்கார வைத்து, பழகிய ஊழியர் சொல்லட்டும். மாலையில் சொன்னால் இரவுத் தூக்கம் போகும். இரவுப் பணியில் ஆளும் குறைவு. 'அக்கா இறந்துட்டாங்க. மாரடைப்பு. லீவுன்னு சொன்னது எங்க தப்பு.' இவ்வளவு போதும். 'சாமிகிட்ட போயிட்டாங்க' என்றால், எப்போது வருவார் என்று காத்திருப்பவர்கள் உண்டு. கடைசியாக அக்காவிடம் கோபித்துக்கொண்டவர் யாரோ, அவர் 'என்னாலயா?' என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார். அவரைத் தனியே அழைத்து, இல்லை என்று சொல்லுங்கள்.

அழுகிறார் என்பதற்காக மருந்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். 'அக்கா குரல் கேக்குது' என்றாலும் பதற வேண்டாம். துக்கத்தில் யாருக்கும் அப்படிக் கேட்பதுண்டு. குரல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். 'கூட வா' என்றால் அவரைத் தனியே விடாமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இரண்டு மூன்று இரவு தூங்கவில்லை, சாப்பாட்டையும் மாத்திரையையும் ஒதுக்குகிறார் என்றாலும் டாக்டர் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, கூட்டத்தைவிட அவசரம்: அக்காவின் டைரி. வீட்டிலிருந்து வந்துபோகிறவர்களுக்கு மனநோய் திரும்பாமலிருக்க இரண்டு முதல் நான்கு வாரத்துக்கொருமுறை போடும் ஃப்ளூஃபெனசின் ஊசித் தேதிகள் பல இடங்களில் ஒருவரின் டைரியிலும் செல்போனிலும்தான் இருக்கின்றன. அவர் போனதும் நினைவூட்டும் போன் நிற்கிறது, ஊசி தவறுகிறது. நோய் திரும்புவது வாரங்களோ மாதங்களோ கழித்துத்தான் தெரியும். அதற்குள் காரணம் மறந்திருக்கும். கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டுத் தேதிகளை இன்றே எழுதி, ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்யுங்கள். குடும்பத்தார் சம்மதித்தால் அக்கா எண்ணுக்கு வரும் அழைப்புகளைச் சில மாதங்கள் மையத்துக்குத் திருப்பி வையுங்கள். இரவில் அழைத்துப் பழகியவர்களுக்கு அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எண்ணையும் கொடுங்கள்.

கூட்டம் முக்கால் மணி நேரம் போதும். தங்கியிருப்பவர்கள் முதலில் பேசட்டும், விருப்பமில்லாதவரை எழுப்பாதீர்கள். அவர்களோடு அக்கா நிற்கும் குரூப் போட்டோ பேனரில் வேண்டாம். சிகிச்சை பெறுபவரின் தகவல் இரகசியமாக இருக்க வேண்டும், சம்மதமின்றி அவர் படம் ஊடகத்துக்குப் போகக் கூடாது என்கின்றன 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23, 24 பிரிவுகள். 'அக்கா தேற்றிய பெண் இப்போது பேங்கில் இருக்கிறாள்' என்று பெயர் சொல்லாமல் பேசினாலும் ஊர் கண்டுபிடித்துவிடும். 14 ஆண்டும் அக்கா வாய் திறக்காத விஷயம் அது.

கேள்வி: அவர் பெயரில் ஆண்டுதோறும் கேடயம் கொடுக்கலாமா?

பதில்: அந்தப் பணத்தைப் பஸ் கட்டணமாக வையுங்கள். காசில்லாமல் ஊசித் தேதிக்கு வராமல் போகிறவர்கள் எத்தனை பேர் என்று அந்த டைரியே காட்டும். போக வர ஆகும் தொகையை, கூட வருகிறவருக்கும் சேர்த்து, கவரில் போட்டு ஊசி போட்ட அன்றே கையில் கொடுங்கள். கவரில் அக்கா பெயர் இருக்கட்டும்.