தலையில்லாத ஸ்டீல் கிதாருக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம்?

கீலெஸ் பெடல் ஸ்டீல் கிதார் பற்றி அமெரிக்க வாசகர்களிடமிருந்து அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்திருப்பதால், இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. கருவியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை: அமெரிக்கக் கன்ட்ரி இசையில் குழைந்து குழைந்து ஒலிப்பது இதுதான். நான்கு கால்களில் படுக்கை வாட்டில் நிற்கும். பெரும்பாலும் பத்துத் தந்திகள். இடக்கையில் எஃகு பார், வலக்கை விரல்களில் நகக்கவசம். காலடியில் பெடல்கள், முழங்காலருகே நெம்புகோல்கள். இவை குறிப்பிட்ட தந்திகளின் சுருதியை வாசிப்பின் நடுவிலேயே ஏற்றி இறக்கும். சுருதி சேர்க்கும் பிருடைகள் பொருத்திய தலைப்பகுதி இல்லாமல் செய்யப்படுவது கீலெஸ் வகை. சியரா, க்ளைன், ஜிஎஃப்ஐ, ஜப்பானின் எக்செல் ஆகியவை இதில் அறியப்பட்ட பெயர்கள்.

கேள்வி: டல்லாஸில் வசிக்கிறேன். மாணவர்களுக்கான பெடல் ஸ்டீல் ஒன்றில் ஈ9 என்ற சுருதி முறை பழகி வருகிறேன். ஸ்டீல் கிதார் விழா ஒன்றில் கீலெஸ் கருவியைப் பார்த்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. வைத்திருப்பவர்கள் எல்லோரும் புகழ்கிறார்கள்: சுருதி கலையாது, தந்தி அறாது, பெடல் இலேசாக இறங்கும் என்கிறார்கள். அதே தயாரிப்பாளரின் சாதாரண மாடலைவிட விலை கூடுதல். கொடுக்கலாமா?

பதில்: அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் பணம் கொடுத்து முடித்தவர்கள், நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை. அந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சாதாரணக் கருவியின் தலைப்பகுதியை மேலிருந்து பாருங்கள். முதல் தந்தியும் பத்தாம் தந்தியும் நட் எனப்படும் இடப்பக்க உருளை வரிசையைத் தாண்டியதும் பக்கத்துப் பிருடையிலேயே முடிந்துவிடுகின்றன. ஐந்தாம், ஆறாம் தந்திகளோ தலையின் கடைசிவரை ஓடுகின்றன. நட்டுக்கு அப்பால் கிடக்கும் அந்த வால் ஒலிப்பதில்லை. ஆனால் பெடலை மிதித்தால் அதுவும் சேர்ந்துதான் இழுபட வேண்டும். ஈ9 முறையில் அதிகம் இழுபடும் தந்திகள் எவை? ஏ பெடல் ஐந்தாம், பத்தாம் தந்திகளை பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றுகிறது. பி பெடல் மூன்றாம், ஆறாம் தந்திகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-க்கு ஏற்றுகிறது. வால் நீண்ட ஐந்தும் ஆறும்தான் ஓயாமல் வேலை செய்கின்றன.

ஒவ்வொரு இழுப்பிலும் தந்தி நட் உருளையின் மேல் முன்னும் பின்னும் ஊர்கிறது. உருளையில் உராய்வு இருந்தால், பெடலை விட்டதும் தந்தி புறப்பட்ட இடத்துக்கே முழுதாகத் திரும்புவதில்லை. சில சென்ட் தள்ளி நின்றுவிடுகிறது. ஓர் அரைச் சுரத்தில் நூறு சென்ட் என்பதால் இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். பாரை வைத்து நீண்ட ஸ்வரம் பிடிக்கும் கருவியில் காது அதை விடாது. கீலெஸ் வகையில் வால் குட்டையாகிறது, எல்லாத் தந்திக்கும் ஏறக்குறைய ஒரே அளவாகிறது. ஊர்வதும் குறைகிறது. சுருதி பற்றிய புகழ்ச்சிக்கு ஆதாரம் இதுவே. உறுதியான ஆதாரம்தான்.

தந்தி அறாது என்பது மிகை. ஈ9-இல் அடிக்கடி அறுவது மூன்றாம் தந்தி. 0.011 அங்குலத் தடிமன்தான் இருக்கும். அது பெரும்பாலும் அறுவது மறுமுனையில், தந்தியை இழுத்துச் சுருதி மாற்றும் சேஞ்சர் என்ற பொறியின் விரல் வளைவில். கீலெஸ்ஸில் விரல் சற்றுக் குறைவாக நகர்ந்தால் போதும் என்பதால் ஆயுள் கொஞ்சம் கூடலாம், அவ்வளவே. பெடலின் இலேசுக்கும் தலைக்கும் உள்ள உறவு இன்னும் குறைவு. பெடலின் இழுப்பைச் சேஞ்சருக்குக் கொண்டுபோகும் இழுகம்பியை அடியிலுள்ள நெம்புதண்டில் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறார்கள், சேஞ்சர் சுத்தமாக இருக்கிறதா என்பவைதான் அதை முடிவு செய்கின்றன. நல்ல மெக்கானிக் உங்கள் பழைய கருவியிலேயே அரை நாளில் அதைச் சரிசெய்வார்.

நீங்கள் மாணவர் கருவியிலிருந்து வருகிறீர்கள். அடுத்த கருவியில் உணரப்போகும் முன்னேற்றத்தின் பெரும்பங்கு சேஞ்சரிலிருந்தும் இறுகிய உடலிலிருந்தும் வரும், தலையை எடுத்ததிலிருந்து அல்ல. ஆகவே ஒரே தயாரிப்பாளரின் இரண்டு வகையையும் ஒரே நாளில், ஒரே ஆம்ப்ளிஃபயரில் வாசித்துப் பாருங்கள். விலை வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்து, மனமும் கீலெஸ்ஸையே கேட்டால் வாங்குங்கள். அதற்கு மேல் என்றால் நான் கொடுக்கமாட்டேன். அந்தப் பணத்தில் நல்ல வால்யூம் பெடலும் வசதியான இருக்கையும் வாங்கலாம்.

கேள்வி: பயன்படுத்திய கீலெஸ் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. செய்தவர் தொழிலை விட்டுவிட்டார். பார்க்கப் போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: எலக்ட்ரானிக் டியூனர், டார்ச், உதிரித் தந்தி ஒரு செட். இவை மூன்றும் இல்லாமல் போகாதீர்கள்.

முதலில் சுருதி சேர்த்து, பெடல் எதையும் தொடாமல் நான்காம் தந்தியை டியூனரில் பாருங்கள். ஈ காட்ட வேண்டும். அதை எஃப்-க்கு ஏற்றும் முழங்கால் நெம்புகோலைத் தள்ளி விடுங்கள். திரும்பிய ஈ எங்கே நிற்கிறது? அடுத்து டி ஷார்ப்புக்கு இறக்கும் நெம்புகோல். திரும்பிய ஈ இப்போது எங்கே? ஏற்றத்திலிருந்து திரும்பினால் ஓரிடம், இறக்கத்திலிருந்து திரும்பினால் வேறிடம் என்றால், கீலெஸ்ஸின் பேரே அந்தக் குறை இல்லாததற்காக இருக்கும்போது, விற்பவரிடம் காரணம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நட் உருளை சிக்கியிருந்தால் சிறு வேலை. சேஞ்சர் அச்சு தேய்ந்திருந்தால் பெரு வேலை.

பிறகு ஏ, பி இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தபடி, அந்தப் பெடல்கள் தொடாத நான்காம் தந்தியை மீட்டுங்கள். கருவியின் உடல் வளைந்துகொடுப்பதால் சுருதி சற்று இறங்கும். எல்லாக் கருவியிலும் உண்டு. ஐந்து சென்ட் வரை நான் பொருட்படுத்துவதில்லை. பத்தைத் தாண்டினால் விலையைக் குறைக்கச் சொல்வேன்.

கருவியைக் கவிழ்த்து டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய எண்ணெய் பிசினாகிச் சேஞ்சர் விரல்களுக்கிடையில் ஒட்டியிருந்தால் ஸ்வரம் சோம்பலாகத் திரும்பும். சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தால் கழுவி, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுவது வாசிப்பவர்களின் பழைய வைத்தியம். அதற்குப் பயப்பட வேண்டாம். விரல் உச்சியில் தந்தி பதிந்த பள்ளமும் மெருகேற்றினால் போகும்.

பயப்பட வேண்டியது கீலெஸ்ஸுக்கே உரிய இடது முனை. தந்தியைக் கவ்வும் திருகுகள், இழுத்துச் சுருதி சேர்க்கும் மரைகள். ஒவ்வொன்றையும் திருகிப் பாருங்கள். ஒன்று வழுக்கினாலும் நின்று யோசியுங்கள். சாதாரணக் கருவியில் பிருடை கெட்டால் கடையில் புதியது கிடைக்கும். இங்கே அந்த உறுப்பு அந்த ஒரே பட்டறையில் பிறந்தது, பட்டறையோ இல்லை. லேத் வைத்திருப்பவரிடம் செய்துகொள்ளலாம்தான், ஆனால் செலவை இப்போதே கேட்டுவைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். கொண்டுபோன தந்திகளில் ஒன்றை விற்பவரையே மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். தடுமாறினால், அந்தக் கருவி பல காலம் தொடப்படாமல் கிடந்தது என்று பொருள்.

கேள்வி: என் ஆசிரியர் பல்லாண்டு கன்ட்ரி இசையின் மையமான நாஷ்வில்லில் வாசித்தவர். தலையில்லாத கருவிக்கு நாதமே இல்லை என்கிறார். கீலெஸ் ரசிகர்களோ நேர்மாறாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: இருவரையும் ரசியுங்கள், நம்பிக்கையைத் தள்ளிவையுங்கள். உங்கள் ஆசிரியரின் காது எதில் பழகியது என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டீல் கலைஞர் பட்டி எம்மன்ஸ் 1960களில் ரான் லேஷ்லியோடு சேர்ந்து கொண்டுவந்த ‘புஷ்-புல்’ வகைக் கருவிகளும், அதற்கு முன் ஷாட் ஜாக்சனோடு தொடங்கிய ஷோ-பட் கருவிகளும் பதிவான இசைத்தட்டுகள்தான் பலருக்கு நாதம் என்றாலே நினைவுக்கு வருபவை. அந்தக் கருவிகளுக்குத் தலை இருந்தது. அதனால்தான் அந்த நாதம் என்று யாரும் நிறுவவில்லை. பிக்கப், உடல், சேஞ்சர், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் கைகள், இத்தனையும் கலந்த ஒலி அது. 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் பாஸ் கிதாரின் தலையை எடுத்தபோதும் இதே வாக்குவாதம் நடந்தது. அந்தக் கருவியில் வாசிக்க ஆளில்லாமல் போய்விடவில்லை. பெடல் ஸ்டீல் என்பதே கொஞ்சம் முரட்டுத் துணிச்சலில் வளர்ந்த கருவி. பட் ஐசக்ஸ் 1954இல் வெளியான, பாடகர் வெப் பியர்ஸின் பாட்டொன்றில், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து ஸ்வரத்தை வளைத்துக் காட்டிய பிறகுதான் மற்றவர்கள் அந்த வழிக்கு ஓடிவந்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எந்த ஒலிப்பதிவில் தலையுள்ள கருவி, எதில் இல்லாதது என்று என்னால் சொல்ல முடியாது. சொல்லிவிடுவேன் என்பவர்களைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஆசை உண்டு. ஆனால் ஆசிரியரிடம் வாதாடாதீர்கள். பாடம்தான் முக்கியம்.

கேள்வி: கீலெஸ் சிறியது என்பதால் விமானத்தில் கூடுதல் கட்டணமில்லாமல் போகும் என்று விற்பவர் சொல்கிறார். சரியா?

பதில்: பெட்டியை அளந்து பாருங்கள், அவர் வார்த்தையை அல்ல. சரக்குப் பையாக ஒப்படைக்கும் பெட்டிக்குப் பெரும்பாலான அமெரிக்க விமான நிறுவனங்களின் எல்லை நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 62 அங்குலம், எடை 50 பவுண்டு. தலை போனதால் மிச்சமாகும் சில அங்குலம் முதல் எல்லைக்குள் நுழைய உதவும். இரண்டாவதில்தான் மாட்டிக்கொள்வீர்கள். கால்களும் பெடல் சட்டமும் இழுகம்பிகளும் அதே பெட்டிக்குள்தான் போகின்றன. ஒரே தந்தி வரிசை கொண்ட ஒற்றைக் கழுத்துக் கருவிக்குக்கூடத் தராசில் வைக்காமல் நிச்சயம் சொல்ல முடியாது. இரட்டைக் கழுத்து என்றால் கணக்கே வேண்டாம், தாண்டும். பெடல் சட்டத்தை வேறு பையில் பிரித்து வையுங்கள். இசைக்கருவியை மொத்தம் 150 அங்குலம், 165 பவுண்டு வரை அமெரிக்க விமான நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்று 2015 முதல் விதி இருக்கிறது. ஏற்பார்கள், கட்டணத்தோடு. பாரைக் கைப்பையில் வைக்காதீர்கள். கனமான எஃகு உருளையைப் பாதுகாப்புச் சோதனையில் யாருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

கேள்வி: தனியாக ஆர்டர் எடுத்துச் செய்யும் ஒருவர் பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார். கருவி வர ஓராண்டு ஆகுமாம். நண்பருக்கு அனுப்புவதுபோல் இணையத்தில் அனுப்பச் சொல்கிறார். அவர் பெயருள்ளவர்தான். இருந்தாலும் தயக்கம்.

பதில்: முன்பணம் கேட்பது இந்தத் தொழிலில் நியாயம். நண்பர் வழி கேட்பது நியாயமில்லை. பேபாலில் நண்பர்கள், குடும்பத்தினர் என்று அனுப்பும் பணத்துக்கு வாங்குவோர் பாதுகாப்பு கிடையாது. கட்டணத்தை மிச்சப்படுத்த அவருக்கு ஆசை, அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டணத்தை நானே தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

கிரெடிட் கார்டிலும் முழு நிம்மதி இல்லை. கட்டணத் தகராறை எழுத்தில் எழுப்ப அமெரிக்கச் சட்டம் தருவது, அந்தத் தொகை இடம்பெற்ற முதல் பில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாள். ஓராண்டு வேலைக்கு அது எந்த மூலைக்கு? சில கார்டு நிறுவனங்கள் பொருள் வரவேண்டிய தேதியிலிருந்து கணக்கிடுவதுண்டு. முன்பே கேட்டு உறுதிசெய்யுங்கள். ஆகவே காகிதம்தான் துணை. ஒப்படைக்கும் தேதி, அது தவறினால் முன்பணம் திரும்பும் என்ற வரி, பெடல், நெம்புகோல் எண்ணிக்கை, எந்தத் தந்தி எதற்கு ஏறும் இறங்கும் என்ற பட்டியல், கீலெஸ் உறுப்புகளின் உதிரி ஒரு செட். இவை எழுத்தில் இருக்கட்டும். இணையம், தொலைபேசி வழி ஆர்டர்களில் சொன்ன தேதிக்குள் அனுப்ப முடியாவிட்டால், ரத்து செய்து பணம் திரும்பப் பெறும் வாய்ப்பை விற்பவர் தர வேண்டும் என்பது கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி. தேதியே எழுதாமல் விட்டால் 30 நாள் என்று கொள்ளப்படும். தேதி எழுதக் கூச்சப்படுகிறவருக்குப் பாதிப் பணம் கொடுக்க நீங்களும் கூச்சப்படலாம்.

கேள்வி: கீலெஸ்ஸுக்குத் தனித் தந்தி வாங்க வேண்டுமா?

பதில்: பெரும்பாலானவற்றுக்கு வேண்டாம், வழக்கமான ஈ9 செட்டே போதும். சேஞ்சர் பக்கம் தந்தி முனையிலுள்ள குண்டை மாட்டி, மறுமுனையைத் திருகில் கவ்வ வைப்பார்கள். இரண்டு முனையிலும் குண்டுள்ள தந்தி கேட்கும் மாடலா என்று மட்டும் வாங்குமுன் கேளுங்கள். தந்தியைத் திருகில் இறுக்கிய பிறகே மீதியை வெட்ட வேண்டும். முதலில் வெட்டினால் அந்தத் தந்தி குப்பைக்குத்தான்.