இரு மொழி ஊரில் இரண்டு பள்ளிகள்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக ஃபின்லாந்தில், தலைநகர் ஹெல்சிங்கியை ஒட்டிய எஸ்பூ நகரில் குடியிருக்கிறேன். ஹெல்சிங்கிக்குப் போகும் ரயில் வழியில் ஒரு சின்ன ஊர். ஃபின்னிஷில் கவுனியாய்னென், ஸ்வீடிஷில் கிரான்குல்லா என்று இரண்டு பெயர். நாலு பக்கமும் எஸ்பூதான். ஆறு சதுர கிலோமீட்டர், பத்தாயிரம் பேர், அதற்கொரு தனி நகராட்சி, அதிலும் இரண்டு மொழி! சின்னக் கூட்டத்தையும் அரவணைக்கிற இந்தப் பெருந்தன்மை வேறெங்கே உண்டு? ஒரே குறை, பள்ளிகளை மொழிவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். சேர்த்தே படிக்கவைக்கலாமே?

கே.

அன்புள்ள கே.,

பெருந்தன்மை என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. ஸ்வீடிஷ் பேசுகிறவர்கள் அந்த ஊருக்கு விருந்தாளிகள் அல்ல. 1906இல் ஒரு நிறுவனம் அங்கே நிலம் வாங்கி, மனை பிரித்து, தோட்ட வீடு கட்டிக்கொள்ள விரும்பிய ஹெல்சிங்கி வசதிக்காரர்களுக்கு விற்றது. அவர்களில் பெரும்பாலோர் ஸ்வீடிஷ் பேசியவர்கள். 1920இல் எஸ்பூவிலிருந்து ஊர் பிரிந்தது. 1980கள் வரை அங்கே ஸ்வீடிஷ்தான் பெரும்பான்மை. இன்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. (வரி விகிதம் நாட்டிலேயே மிகக் குறைவானவற்றில் ஒன்று. எஸ்பூவோடு சேர அந்த ஊர் ஆசைப்படாததற்கு மொழி மட்டுமே காரணம் என்று நான் நம்பத் தயாரில்லை.)

அங்கே மொழியைக் காப்பது தலைக்கணக்கு. சிறுபான்மை மொழியினர் 8 சதவீதமோ 3000 பேரோ இருந்தால் அது இருமொழி ஊர். 3000க்கும் கீழே, 6 சதவீதத்துக்கும் கீழே இறங்கினால் அந்தத் தகுதி போய்விடும். பத்து வருடத்துக்கு ஒருமுறை அரசு எண்ணிப் பார்க்கிறது. மக்கள் பதிவேட்டில் ஒருவருக்கு ஒரு தாய்மொழிதான். அம்மா ஸ்வீடிஷ், அப்பா ஃபின்னிஷ் என்றாலும் குழந்தைக்கு ஒன்றைத்தான் எழுத முடியும். அப்படிப்பட்ட வீடுகளில் நிறையப் பேர் ஸ்வீடிஷையே எழுதுகிறார்கள். எதை எழுதினாலும் ஃபின்னிஷ் எப்படியும் வந்துவிடும், வராமல் போகக்கூடியது மற்றதுதான் என்று அவர்களுக்குத் தெரியும்.

பள்ளி விஷயத்துக்கும் இதுதான் பதில். நாடு முழுவதையும் எடுத்தால் ஸ்வீடிஷ் தாய்மொழிக்காரர்கள் சுமார் 5 சதவீதம். கடை, பேருந்து, விளையாட்டு மைதானம் எல்லாம் ஃபின்னிஷ். ஐந்து ஸ்வீடிஷ் பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்கு ஒரு ஃபின்னிஷ் பிள்ளை வந்தால் பேச்சு அவன் மொழிக்குத் திரும்பிவிடும். மரியாதையால்தான் திரும்புகிறது, ஆனால் திரும்பிவிடுகிறது. இடைவேளையில்கூட ஸ்வீடிஷ் ஓடுகிற ஒரு முற்றம் வேண்டுமென்றால் தனிப் பள்ளி வேண்டும். அதனால்தான் நீங்கள் சொல்கிற கலப்புப் பள்ளி யோசனை அங்கே எழும்போதெல்லாம் ஸ்வீடிஷ் தரப்பிலிருந்தே பலத்த எதிர்ப்பு வருகிறது. இரண்டு பள்ளியிலும் மற்ற மொழி கட்டாயப் பாடம். கல்வி நிர்வாகத்திலும் ஒவ்வொரு மொழிக்கும் தனிக் குழுவோ தனிப் பிரிவோ இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இரண்டு ஒருமொழி வீடுகளை ஒரே கூரைக்குக் கீழே கட்டியிருக்கிறார்கள், நடுச்சுவரோடு. நீங்கள் குறை என்று சொன்ன அந்தச் சுவரை இடித்தால் எந்த வீடு மிஞ்சும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அடுத்த முறை அங்கே இறங்கினால் தெருப்பெயர்ப் பலகைகளைப் பாருங்கள். எந்த மொழிக்காரர் அதிகமோ அந்த மொழிக்குத்தான் மேல்வரி. இப்போது மேலே இருப்பது ஃபின்னிஷ். பேச்சுவழக்கில் மட்டும் இரண்டு தரப்புக்கும் அந்த ஊர் ‘கிரானி’. ஸ்வீடிஷ் பெயரின் முன்பாதி.